காத்திருக்கக் கற்ற குழந்தை

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

உத்ஸவ காலங்களில் ஸேவிக்க வரும் தாய்மார் சிலர், "இக்குழந்தைக்குச் சிறிதும் பொறுமை இல்லையே!" என்று குறைப்படுவதுண்டு. பொறுமை பிறவியில் அமைவதா, பழக்கத்தால் வருவதா என்பதைச் சிறிது ஆராய்வோம்.

2022-ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி இதனை விளக்குகிறது. ஜப்பானின் கியோட்டோ நகரிலும் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்திலும், 4, 5 வயதுக் குழந்தைகளின் முன் ஒரு தின்பண்டத்தை வைத்து, "திரும்பி வரும்வரை உண்ணாதிருந்தால் இரண்டு கிடைக்கும்" என்று கூறிச் சென்றனர். வேறு சிலருக்குப் பண்டத்திற்குப் பதிலாகக் காகிதத்தில் சுற்றிய பரிசை வைத்தனர். ஜப்பானியக் குழந்தைகள் பண்டத்திற்கு நெடுநேரம் காத்திருந்தனர்; பரிசையோ விரைவில் பிரித்தனர். அமெரிக்கக் குழந்தைகள் பரிசுக்குக் காத்திருந்தனர். பண்டத்தையோ விரைவில் உண்டனர்.

காரணம் யாது? ஜப்பானில் அனைவருக்கும் பரிமாறிய பின்பே உண்பது வழக்கம். அமெரிக்காவில் கிறிஸ்துமஸ், பிறந்தநாள் பரிசுகளை உரிய வேளை வரும்வரை பிரிக்காதிருப்பது வழக்கம். ஆகவே, அடக்கம் பிறவிக்குணம் மாத்திரமன்று. இல்லத்து ஆசாரம் எதில் பழக்கிற்றோ, அதில் அது எளிதாகிறது. இவ்வாறு பதியும் பண்பையே பெரியோர் ஸம்ஸ்காரம் என்றனர்.

நம் இல்லங்களில் தளிகையானதும் பெருமாள் அமுதுசெய்தருளும்வரை எவரும் உண்பதில்லை. சிறு குழந்தை இதனை உபதேசத்தால் அறிவதில்லை. பாட்டனார் காத்திருப்பதைக் கண்டு தானும் காத்திருக்கிறது. ஸந்நிதியில் தீர்த்தத்திற்கு வலக்கையைக் குவித்து நிற்கும்போது, "நம் முறையும் வரும்" என்ற நம்பிக்கையையும் கற்கிறது.

கல்விக்கும் இதுவே அடிப்படை. ஸந்தை முறையில் ஆசார்யன் ஒருமுறை சொல்ல, மாணாக்கர் இருமுறை சொல்வர். அவர் சொல்லி முடிக்கும்வரை வாய்மூடிச் செவிசாய்க்க இயலாதவனுக்குப் பாடம் ஏறாது.

இரண்டு விஷயங்களை மறத்தலாகாது. முதலாவது, அளவு. 8 வயதுக்குட்பட்டவர்க்கு ஏகாதசி உபவாஸத்தைச் சாஸ்த்ரம் விதிக்கவில்லை. ஆகையால் பசித்த குழந்தையை வருத்துதல் தர்மமன்று. இரண்டாவது, வாக்குத் தவறாமை. "பிறகு தருகிறேன்" என்று ஏமாற்றப்பட்ட குழந்தை மறுமுறை ஏன் காத்திருக்கும்?

ஆகவே அன்பர்களே, குழந்தையை வைவதை விடுத்து, நாள்தோறும் ஒரு பழமாயினும் அதன் கையாலேயே பெருமாள் திருமுன் வைத்து, பின் உண்ணப் பழக்குங்கள். நீங்களும் அதனுடன் காத்திருங்கள். எம்பெருமான் அநுக்ரஹிப்பானாக.