கோமாளி மீனுக்கு ஒரு துணை



இந்த மலருக்கு நான் கட்டுரை எழுதப் போகிறேன் என்றதும், "எதைப் பத்திடா? லேத் மெஷினா?" என்று கேட்டான் பக்கத்து பெஞ்ச் நண்பன். "மீனைப் பத்தி" என்றேன். விழுந்து விழுந்து சிரித்தான். நீங்களும் சிரிக்கலாம். ஆனால் இது ஒரு உயிரைப் பலி கொடுத்துவிட்டு நான் கற்ற பாடம். அதே தவறை நீங்கள் செய்யக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் 150 லிட்டர் உப்புநீர்த் தொட்டி ஒன்று உண்டு. மாமா மாற்றலாகிப் போகும்போது விட்டுச் சென்றது. அதில் ஒரே ஒரு கோமாளி மீன். ஆரஞ்சு உடம்பு, மூன்று வெள்ளைப் பட்டை, ஏழு சென்டிமீட்டர் நீளம். தங்கச்சி அதற்கு 'ராஜா' என்று பெயர் வைத்திருந்தாள். "பாவம்ணா, தனியா இருக்கு. இன்னொண்ணு வாங்கிட்டு வா" என்றாள்.

நான் ஒரு கணக்குப் போட்டேன். சின்ன மீன் என்றால் ராஜா கடித்துவிடும். சரிக்குச் சரி இருந்தால் சண்டைக்கு வராது! அதே அளவில் தேடிப் பிடித்து வாங்கி வந்து, பையை அவிழ்த்து அப்படியே தொட்டியில் விட்டேன். இரவு முழுக்கத் துரத்தல். காலையில் புது மீனின் வால் கிழிந்து தொங்கியது. மறுநாள் ஃபில்டர் ஓரத்தில் செத்துக் கிடந்தது. தங்கச்சி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

ஏன் இந்தச் சண்டை?

பிறகுதான் புத்தகத்தைப் புரட்டினேன். கோமாளி மீன் எதுவும் பெண்ணாகப் பிறப்பதில்லை. ஒரு கடல் அனிமோனில் சேர்ந்து வாழும் கூட்டத்தில் மிகப் பெரியது பெண்; அதற்கு அடுத்தது ஆண்; மற்றவை இனப்பெருக்கம் செய்யாத சிறிசுகள். பெண் இறந்தால் ஆண் பெண்ணாக மாறும், சிறிசுகளில் பெரியது ஆணாகும். பெண்ணானது மீண்டும் ஆணாக முடியாது. ஃப்ரிக்கே தம்பதியர் 1977-ல் 'நேச்சர்' இதழில் இதை விளக்கினார்கள். 2003-ல் வந்த 'ஃபைண்டிங் நீமோ' படத்தில் தாய் இறந்தபின் அப்பா மகனை வளர்க்கிறதே, நிஜக் கடலில் அந்த அப்பா அம்மாவாகியிருக்கும்!

அதே 2003-ல் பீட்டர் பஸ்டன் என்பவர், பாப்புவா நியூகினியில் செய்த ஆய்வை எழுதினார். கீழ்நிலை மீன்கள் மேலே உள்ளதைவிடச் சிறிதாகவே இருக்கும்படி தம் வளர்ச்சியையே அடக்கிக்கொள்கின்றன. பெரிதானால் விரட்டப்படும் அல்லவா!

இப்போது புரிகிறதா? தனியாக வளர்ந்து பெரிதான ராஜா, ராணியாகிவிட வாய்ப்பு அதிகம். நான் கொண்டு வந்ததும் அப்படியே. ஓர் உறையில் இரண்டு கத்தி!

இரண்டாம் முறை செய்தது

1. அளவு: அதே இனத்தில், மூன்று சென்டிமீட்டர் குஞ்சாகத் தேர்ந்தெடுத்தேன். பழைய மீனின் பாதி அளவு இருந்தால் நல்லது. கடலில் பிடித்ததைவிட, பண்ணையில் பொரித்த குஞ்சே மேல். மண்டபத்திலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவன மையத்திலும் இவற்றைக் குஞ்சு பொரிக்க வைத்து வளர்த்திருக்கிறார்கள்.

2. தனிமை: நான்கு வாரம் தனித் தொட்டியில் வைத்தேன். வெள்ளைப்புள்ளி நோய் இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.

3. தண்ணீர்: உப்படர்த்தி 1.025, வெப்பம் 25 முதல் 27 டிகிரி. அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம். இரண்டு தொட்டியிலும் இவை ஒன்றாக இருக்க வேண்டும். உப்பு வேறுபட்டால், தொட்டித் தண்ணீரைச் சன்னமான குழாயில் சொட்டுச் சொட்டாக விட்டு ஒரு மணி நேரம் பழக்க வேண்டும்.

4. அறிமுகம்: துளையிட்ட கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் டப்பாவில் குஞ்சை விட்டு, பெரிய தொட்டிக்குள் ஒரு வாரம் வைத்தேன். பார்க்கலாம், கடிக்க முடியாது!

5. விடுதலை: கற்களை இடம் மாற்றினேன். பழைய மீனுக்கும் அது புது வீடு ஆகிவிடும். விளக்கை அணைத்துவிட்டு மாலையில் திறந்துவிட்டேன்.

6. கவனிப்பு: பெரியது நெருங்கியதும் குஞ்சு உடம்பைச் சாய்த்து வெடவெடவென்று நடுங்கியது. "அய்யோ, வலிப்பு வந்துருச்சுடா!" என்று அம்மா பதறினார். அது வலிப்பு இல்லை. 'நீயே பெரியவர்' என்று பணிவது. கொஞ்சம் துரத்தல் சகஜம். துடுப்பு கிழிந்தாலோ, குஞ்சு சாப்பிடாமல் மூலையில் ஒடுங்கினாலோ உடனே பிரித்துவிடுங்கள்.

பத்து நாளில் இரண்டும் ஒரே மூலையில் தூங்க ஆரம்பித்தன. இப்போது ஒரு தட்டைக் கல்லைச் சேர்ந்து வாயால் துடைக்கின்றன. முட்டையிடுவதற்கு முன் செய்யும் வேலை இது. தங்கச்சி தினமும் டார்ச் அடித்துப் பார்க்கிறாள். 'ராஜா'வுக்கு 'ராணி' என்று பெயரும் மாற்றிவிட்டாள்.

ஃபிட்டிங் லேபில் எங்கள் சார் அடிக்கடி சொல்வார்: "முதல்ல அளவெடு, அப்புறம் அறு." இரும்புத் துண்டு வீணானால் வேறு துண்டு கேட்டு வாங்கிக்கொள்ளலாம். உயிருக்கு அப்படி முடியுமா? அதனால் நண்பர்களே, மீன் வாங்கப் போகும்போது ஒரு ஸ்கேலையும் எடுத்துக்கொண்டு போங்கள்.



– இறுதியாண்டு மாணவன், இயந்திரவியல் துறை