வலியோடு நடக்கப் பழகுதல்

ரந்தாவ் வட்டாரத் தோட்டமொன்றில் முப்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர் என் பாட்டி. "அசைஞ்சா இடுப்பு இன்னும் கெட்டுப்போகும்யா" என்று படுத்தே கிடந்தார்.

மூன்று மாதங்களுக்கு மேல் நீடிப்பது நாட்பட்ட வலி. அது எப்போதும் புதிய காயத்தின் அறிகுறியன்று. அஞ்சி அசையாதிருந்தால் தசை தளரும், வலி மிகும், அச்சமும் வளரும். அச்சுழலை உடைக்க முயல்வதே அறிதல்சார் நடத்தைச் சிகிச்சை. செலாயாங் மருத்துவமனையின் 'மெனாங்' திட்டம் இதனை இரண்டு வாரப் பயிற்சியாக அளித்தது. பங்கேற்ற பலருக்கு ஓராண்டுக்குப் பின்னும் பலன் நீடித்ததை 2012இல் வெளியான ஆய்வு காட்டியது.

மருத்துவரைக் கேட்டபின் பாட்டியிடம் சொன்னேன்: "எவ்வளவு நடப்பது என்பதை வலி சொல்ல வேண்டாம், கடிகாரம் சொல்லட்டும்." முதலில் ஐந்து நிமிடம், பழகியதும் ஆறு. 'கெட்டுப்போகும்' என்ற எண்ணத்தை ஒவ்வொரு நடையும் சோதித்தது.

வலி போய்விடவில்லை. ஆனால், பாட்டி இன்று தோட்டத்துக் கோயில்வரை நடக்கிறார்.