திரையில் 12, எஞ்சினில் 20: டர்போ போட்ட பழைய காருக்கு இக்னிஷன் டைமிங்



இந்த வார எபிசோட்ல இக்னிஷன் டைமிங் பத்தி ரெண்டு நிமிஷம்தான் பேச முடிஞ்சது. எண்ணெல்லாம் காதால கேட்டா மனசுல நிக்காது. அதனால முழுப் பாடமும் இங்கே.

முதல்ல என் தப்பு. கார், 1971 மாடல் டாட்சன் 1600. அதோட சொந்த 1.6 லிட்டர் எஞ்சினை எடுத்துட்டு, நிசான் சில்வியாவில் வந்த எஸ்ஆர்20டிஇடி டர்போ எஞ்சினைப் போட்டேன். ஆஸ்திரேலியாவில் பலரும் செய்யற மாற்றம்தான். புது இசியூ வாங்கி, அதே எஞ்சின் வச்சிருக்கற ஒருத்தரோட டைமிங் மேப்பை ஏத்தினேன். ஃபுல் பூஸ்ட்ல 12 டிகிரி. பயந்த சுபாவமுள்ள நம்பர். மூணாவது தடவை மிதிச்சப்போ எஞ்சின் சத்தம் மாறிச்சு, பின்னாடி நீலப் புகை. கம்ப்ரெஷன் டெஸ்ட்ல மூணு சிலிண்டர் 150 பிஎஸ்ஐ, ஒண்ணு மட்டும் 60. பிரிச்சுப் பார்த்தா, பிஸ்டனில் ரிங் உட்காரும் விளிம்பு உடைஞ்சு கிடக்கு.

லாக் ஃபைலைத் திறந்தேன். எல்லா வரியிலும் 12, 12, 12. தப்பே இல்லை. அப்புறம்தான் புரிஞ்சது: லாக் காட்டுவது இசியூ போட்ட கட்டளையை. எஞ்சினுக்குள்ளே உண்மையில் விழுந்தது 20 டிகிரி.

டைமிங்னா என்ன?

தீப்பொறி விழுந்த உடனே பெட்ரோல் முழுசா எரிஞ்சிடாது. தீ பரவ நேரம் வேணும். 6000 ஆர்பிஎம்மில் கிராங்க் ஒரு மில்லிசெகண்டுக்கு 36 டிகிரி சுத்திடும். அதனால பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு முன்னாடியே தீப்பொறி கொடுக்கணும். எத்தனை டிகிரி முன்னாடி என்பதுதான் அட்வான்ஸ். பிஸ்டன் உச்சியைத் தாண்டிச் சுமார் 15 டிகிரி இறங்கும்போது அழுத்தம் உச்சத்தில் இருந்தால், அந்தத் தள்ளு வீணாகாமல் கிராங்குக்குப் போகும்.

பழைய டாட்சனில் இந்தக் கணக்கை டிஸ்ட்ரிபியூட்டர் போட்டது. வேகம் கூடினா உள்ளே இருக்கும் எடைகள் விரியும். மிதி குறைஞ்சா வாக்யூம் இழுக்கும். இசியூவில் அதே வேலையை ஒரு டேபிள் செய்யுது. ஒரு பக்கம் ஆர்பிஎம், இன்னொரு பக்கம் மேனிஃபோல்ட் அழுத்தம், கட்டத்தில் டிகிரி. கட்டங்களுக்கு நடுவில் இன்டர்போலேஷன். கோடிங் தெரிஞ்சவங்களுக்கு இது புதுசில்லை.

டர்போ வந்தா ஆட்டம் மாறுது. ஒரு பார் பூஸ்ட்டில் சிலிண்டருக்குள் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு காற்று. அது சீக்கிரம் எரியும், சூடும் அதிகம். தீ போய்ச் சேர்வதற்குள் ஓரத்தில் மிச்சமிருக்கும் கலவை தானாகவே வெடிச்சா, அதுதான் நாக்கிங். அதனால பூஸ்ட் ஏற ஏற அட்வான்ஸைக் குறைக்கணும். பூஸ்ட் இல்லாத இடத்தில் 8 டிகிரி தப்பு இருந்தா பெரும்பாலும் தப்பிச்சிடலாம். ஃபுல் பூஸ்ட்டில் அதே 8 டிகிரி பிஸ்டனை உடைக்கும்.

அந்த 8 டிகிரி எங்கிருந்து வந்தது?

இந்த எஞ்சினில் கிராங்க் ஆங்கிள் சென்சார் கேம் ஷாஃப்ட்டோடு சுத்துது. உள்ளே 360 துளை போட்ட ஒரு தகடு, அதன் வழியா ஒளி. ஒரு ஆப்டிகல் என்கோடர். அதன் உடம்பைக் கொஞ்சம் திருப்பி வைக்கலாம். எஞ்சினை இறக்கி ஏத்தும்போது நான் அதைக் கழற்றி, பழைய அடையாளத்தைப் பார்க்காமலே மாட்டிட்டேன். கேம், கிராங்கின் பாதி வேகத்தில் சுத்துவதால் சென்சாரில் 4 டிகிரி திரும்பினா கிராங்கில் 8 டிகிரி. கண்ணுக்கே தெரியாத திருப்பம்.

மேப்பைத் தொடுவதற்கு முன்

1. உண்மையான உச்சிப்புள்ளியைக் கண்டுபிடிங்க. பேட்டரியைக் கழற்றி, பிளக்குகளை எடுத்துட்டு, முதல் சிலிண்டரில் பிஸ்டன் ஸ்டாப்பை மாட்டுங்க. கையால மெதுவா சுத்தி, முட்டும் இடத்தில் புல்லியில் ஒரு கோடு. எதிர்ப்பக்கம் சுத்தி இன்னொரு கோடு. ரெண்டுக்கும் நடுதான் உச்சி. புல்லியின் ரப்பர் வழுக்கி, பழைய குறி நகர்ந்திருந்தாலும் இங்கே மாட்டிக்கும்.

2. இசியூவில் டைமிங்கை 15 டிகிரியில் பூட்டுங்க. இது மேப்பைப் பார்க்காமல் எப்பவும் ஒரே எண்ணை அனுப்பும்.

3. டைமிங் லைட்டை முதல் சிலிண்டரில் மாட்டிப் பாருங்க. காயில் நேரா பிளக் மேல உட்காருவதால் கிளிப் மாட்ட ஒயர் இருக்காது. காயிலுக்கும் பிளக்குக்கும் நடுவே ஒரு பழைய பிளக் ஒயரைக் கொடுங்க. புல்லியில் 15 தெரியணும். தெரியலைன்னா சென்சாரைத் திருப்புங்க, அல்லது இசியூவில் ஆஃப்செட்டை மாத்துங்க.

4. 4000 ஆர்பிஎம்முக்கு ஏத்திப் பாருங்க. அப்பவும் 15-லேயே நிக்கணும். வேகத்தோடு குறி நகர்ந்தா, சிக்னலின் ஏறும் விளிம்பு, இறங்கும் விளிம்பு செட்டிங் தலைகீழா இருக்கலாம், இல்லை தாமதத் திருத்தம் தப்பா இருக்கலாம். பலரும் விட்டுவிடும் படி இது.

இந்த நாலும் சரியான பிறகு பூட்டை எடுங்க. இனிமேல்தான் மேப்பில் இருக்கும் எண்ணுக்கு அர்த்தம்.

பிறகு மேப்

முதல்ல எரிபொருள். ஃபுல் பூஸ்ட்டில் லாம்டா 0.8 பக்கத்தில் நிக்காமல் டைமிங்கைத் தொடாதீங்க. எஞ்சினைத் திரும்பக் கட்டிய பிறகு, 98 ஆக்டேன் பெட்ரோலில் நான் தொடங்கிய எண்கள்: ஐடிலில் 15, ஹைவேயில் லேசா மிதிக்கும்போது 34, பூஸ்ட் தொடங்கும் இடத்தில் 24, ஒரு பார் பூஸ்ட்டில் 4000 ஆர்பிஎம்மில் 10. இது வடிவத்தைப் புரிஞ்சுக்கத்தான். உங்க எஞ்சினில் ஏத்த இல்லை. இன்னொருத்தர் மேப்பை நம்பினா என்ன ஆகும்னு மேலே சொல்லிட்டேன்.

டைனோவில் ஒரு தடவைக்கு ஒரு டிகிரி மட்டும் கூட்டுங்க. டார்க் ஏறினா சரி. ஏறாமல் நின்னா அங்கேயே நிறுத்துங்க. அதுக்கு மேல அட்வான்ஸ் கொடுத்தா சூடுதான் மிச்சம். டார்க் நிக்கும் முன்பே நாக்கிங் வந்தா, ரெண்டு டிகிரி பின்னாடி எடுங்க. நாக்கிங்கைக் காதால பிடிக்கலாம்: எஞ்சின் பிளாக்கில் சென்சார், ஹெட்போன். 86 மில்லிமீட்டர் விட்டமுள்ள சிலிண்டரில் அந்தச் சத்தம் சுமார் 6.7 கிலோஹெர்ட்ஸில் வரும். பாட்காஸ்ட் எடிட் செய்யறவனுக்கு இது மட்டும் பழகிய வேலை. குளிர்காலத்தில் டியூன் செய்தீங்கன்னா, உள்ளே வரும் காற்றின் சூட்டுக்கான திருத்த டேபிளையும் நிரப்புங்க. 40 டிகிரி வெயிலில் அதே மேப் பாதுகாப்பா இருக்காது.

என் டைமிங் லைட் 80 டாலர். அதை முதல் நாளே வெளியே எடுத்திருந்தா பத்து நிமிஷ வேலை. எடுக்காததால, மூணு மாச கான்ட்ராக்ட் காசு எஞ்சினுக்குள்ளே போச்சு. வேலையில் டெஸ்ட் ஓட்டாமல் எதையும் புரொடக்‌ஷனுக்கு அனுப்ப மாட்டேன். காரில் மட்டும் திரையை அப்படியே நம்பிட்டேன்.

யாராவது இப்போ எஞ்சின் மாத்திட்டு இருந்தா, இந்த மடலுக்கே பதில் போடுங்க. முதல்ல நான் கேட்கப் போற கேள்வி உங்களுக்குத் தெரியும்: லைட் போட்டுப் பார்த்தாச்சா?