டயருக்கும் ஜாதகம் உண்டு

நம் சங்கத்து அன்பர்களிடையே சொந்தக் கார் வைத்திருப்போர் தொகை கூடிக்கொண்டே வருகிறது. அதிலும் மாருதி பிரெஸ்ஸா, டாட்டா நெக்ஸான், ஹூண்டாய் வென்யூ போன்ற குட்டி எஸ்.யூ.வி. வண்டிகளுக்குத்தான் மவுசு. வண்டி வாங்கும்போது நிறம் என்ன, மைலேஜ் என்ன என்று வீடே கூடி விவாதிக்கிறது. ஐந்தாறு வருடம் கழித்து டயர் மாற்றும் நாள் வரும்போது, கடைக்காரர் எடுத்து மாட்டியதற்குப் பணம் கொடுத்துவிட்டு வருபவர்களே அதிகம்.

ஒரு கார் டயர் சாலையைத் தொடும் இடம் ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அளவுதான். நான்கு உள்ளங்கைகளை நம்பி நாம் குழந்தை குட்டிகளோடு பயணம் செய்கிறோம். பிரேக் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அது சக்கரத்தைத்தான் பிடிக்கும். சாலையைப் பிடிப்பது டயர்தான். டாக்குரியாவில் வசிக்கும் எனக்கு இந்த ஆண்டு நான்கு டயர்களும் மாற்றும் வேளை வந்தது. அதற்காகப் படித்தும் விசாரித்தும் தெரிந்துகொண்டதை நம் குடும்பங்களுக்குப் பயன்படும் என்று ஒரு பாடமாக எழுதுகிறேன்.

'ஆல் சீசன்' என்றால் என்ன?

கடையில் முதலில் காதில் விழும் சொல் இதுதான். "தாதா, இது ஆல் சீசன் டயர்" என்பார்கள். இந்தப் பெயர் பிறந்தது பனி பெய்யும் நாடுகளில். அங்கே கோடைக்கு ஒரு டயர், குளிர்காலத்துக்கு ஒரு டயர் என இரண்டு செட் வைத்திருப்பவர்கள் உண்டு. வெப்பம் சுமார் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கினால் கோடை டயரின் ரப்பர் விறைத்துப் பிடிப்பை இழக்கும். குளிர்கால டயரின் ரப்பரோ வெயிலில் இளகிச் சீக்கிரம் தேயும். இரண்டுக்கும் நடுவே, வருடம் முழுவதும் ஒரே டயரில் ஓட்டச் செய்த சமரசம்தான் ஆல் சீசன்.

கொல்கத்தாவில் ஜனவரி இரவில்கூட 10 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். பூஜை விடுமுறைக்கு டார்ஜிலிங் போனாலும் சாலையில் பனிக்கட்டியைப் பார்க்கப் போவதில்லை. ஆகவே பனிக்காகச் சேர்த்த குணத்துக்கு நாம் தனியாகப் பணம் கொடுக்க வேண்டியதில்லை. நமக்குள்ள பருவங்கள் இரண்டுதான்: வெயில், மழை. இரண்டையும் தாங்கினால் நமக்கு அதுவே ஆல் சீசன்.

இன்னொரு குழப்பமும் உண்டு. 'ஆல் டெரெய்ன்' என்பது வேறு. மண், கல், சேறு ஆகிய பாதைகளுக்காகப் பெரிய பெரிய பட்டன்களோடு வரும் டயர் அது. பார்க்கக் கம்பீரமாக இருக்கும். தார்ச் சாலையில் இரைச்சல் போடும், பெட்ரோலைக் கொஞ்சம் கூடுதலாகக் குடிக்கும், ஈரச் சாலையில் நிற்பதற்கும் பொதுவாக அதிக தூரம் எடுத்துக்கொள்ளும். கரியாஹாட்டுக்குக் காய்கறி வாங்கப் போகும் வண்டிக்கு அது வேண்டாம்.

நம் ஊரின் சோதனை மழைதான்

சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை. அதில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டித் தீர்த்துவிடும். கொல்கத்தாவில் 1,700 மில்லிமீட்டருக்கும் மேல். ஏப்ரல், மே மாதங்களில் கால்பைசாகி, ஜூன் முதல் செப்டம்பர் வரை பருவமழை என்று நீண்டுகொண்டே போகும். 2025 செப்டம்பர் 22 நள்ளிரவுக்குப் பின் பெய்த மழையை இங்கு யாரும் மறந்திருக்க மாட்டார்கள். டாக்குரியாவை ஒட்டிய ஜோத்பூர் பார்க்கில் சில மணி நேரத்தில் 285 மில்லிமீட்டர் பதிவாயிற்று.

அப்படி முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும்போது எந்த டயரும் உதவாது. வண்டியை வீட்டில் விடுவதுதான் புத்தி. டயரின் வேலை அதற்கு மறுநாள் தொடங்குகிறது. ஈரம் படிந்த டாக்குரியா பாலத்தின் இறக்கம், மழை தூறும் 'மா' மேம்பாலம், டிராம் தண்டவாளம் இன்னும் பதிந்து கிடக்கும் சாலைகள் ஆகியவற்றில்தான் ஆபத்து ஒளிந்திருக்கிறது. மெல்லிய நீர்ப்படலம் டயருக்கும் சாலைக்கும் நடுவில் புகுந்துவிட்டால் வண்டி படகுபோல் மிதக்கும். ஸ்டியரிங்கும் பிரேக்கும் அந்தச் சில வினாடிகள் நம் சொல் கேட்காது. அந்தத் தண்ணீரை வாரி வெளியே தள்ளுவது டயரின் பட்டன்களுக்கு இடையே ஓடும் பள்ளங்கள்தான்.

புதுக் கார் டயரில் இந்தப் பள்ளம் சுமார் 7, 8 மில்லிமீட்டர் ஆழம் இருக்கும். 1.6 மில்லிமீட்டருக்குத் தேய்ந்தால் மாற்றியே ஆகவேண்டும் என்பது சட்டம். பள்ளத்தின் அடியில் குறுக்கே சின்னச் சின்ன மேடுகள் இருக்கும். பட்டன் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாகிவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது என்று பொருள். மழை ஊரில் இருக்கும் நாம் அதுவரை காத்திருக்கக் கூடாது. 3 மில்லிமீட்டர் வந்தவுடனே, அதுவும் ஜூனுக்கு முன்பாகவே, மாற்றிவிடுவது நல்லது.

ஜாதகம் வாசிக்கும் முறை

பெண் பார்க்கப் போனால் ஜாதகம் கேட்கிறோம். டயரின் ஜாதகம் அதன் பக்கவாட்டிலேயே அச்சாகி இருக்கிறது. என் வண்டியின் டயரில் உள்ளது இது: 215/60 ஆர் 16, 95 எச்.

முதல் எண் டயரின் அகலம், 215 மில்லிமீட்டர். அடுத்த 60 என்பது பக்கவாட்டின் உயரம் அகலத்தில் 60 சதவீதம் என்பதைக் காட்டும். அதாவது 129 மில்லிமீட்டர். 'ஆர்' என்றால் ரேடியல். 16 என்பது ரிம்மின் விட்டம், அங்குலக் கணக்கில். 95 என்பது சுமைக் குறியீடு; இந்த டயர் 690 கிலோ தாங்கும். 'எச்' என்பது வேகக் குறியீடு. மணிக்கு 210 கிலோமீட்டர் வரை தாங்கும். அந்த வேகத்தில் நாம் ஓட்டப் போவதில்லை. ஆனால் அந்த எழுத்து, சூட்டைத் தாங்கும் திறனையும் சேர்த்துச் சொல்கிறது. ஆகவே புது டயரின் சுமை, வேகக் குறியீடுகள் வண்டிக் கம்பெனி சொன்னதற்குக் குறையக் கூடாது.

சிலர் கம்பீரத்துக்காகப் பெரிய டயர் மாட்டச் சொல்வார்கள். 215/60-க்குப் பதிலாக 215/65 மாட்டினால் சக்கரத்தின் விட்டம் 3 சதவீதத்துக்குமேல் கூடும். ஸ்பீடோமீட்டர் 60 என்று காட்டும்போது உண்மை வேகம் ஏறக்குறைய 62 ஆக இருக்கும். டயர் ஓரங்கள் உரசவும் கூடும். சரியான அளவும் காற்றழுத்தமும் டிரைவர் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரிலோ, வண்டியோடு தந்த புத்தகத்திலோ இருக்கும்.

பிறந்த தேதிதான் முக்கியம். டி.ஓ.டி. என்ற மூன்று ஆங்கில எழுத்துக்களைத் தேடுங்கள். அந்த வரிசையின் கடைசி நான்கு இலக்கங்கள் 2325 என்றிருந்தால், 2025-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்த டயர். ஒரு பக்கத்தில் முழுத் தேதி இல்லாவிட்டால் மறுபக்கம் பாருங்கள். ரப்பர் ஓடாமல் கிடந்தாலும் முதுமை அடையும். ஐந்து வருடத்துக்குப் பிறகு ஆண்டுதோறும் பரிசோதனை, பத்து வருடம் ஆனால் பட்டன் இருந்தாலும் மாற்று என்பது பெரிய கம்பெனிகள் சிலவற்றின் அறிவுரை. ஐ.எஸ்.ஐ. முத்திரையும் இருக்க வேண்டும்.

மழைப் பிடிப்பை எப்படி அறிவது?

கடைக்காரர் எத்தனை ஆயிரம் கிலோமீட்டர் ஓடும் என்றுதான் சொல்வார். நீண்ட நாள் உழைக்க வேண்டுமென்றால் ரப்பர் கெட்டியாக இருக்க வேண்டும். கெட்டி ரப்பர் ஈரத்தில் பிடிப்பது பெரும்பாலும் சிரமம். ஆகவே உழைப்பை மட்டும் கேட்டு வாங்கினால் மழையில் விட்டுக்கொடுக்க நேரலாம்.

பல டயர்களின் பக்கவாட்டில் 'ட்ராக்‌ஷன்' என்று ஒரு குறிப்பு இருக்கும். ஈரமான தார், கான்கிரீட் சாலைகளில் நேர்கோட்டில் பிரேக் போட்டுச் சோதித்துத் தரும் மதிப்பெண் இது. ஏஏ மிகச் சிறந்தது. பிறகு ஏ, பி, சி. ஏ-க்குக் குறையாமல் வாங்குங்கள். பக்கத்திலேயே உள்ள 'டெம்பரேச்சர்' குறிப்பு சூடு தாங்கும் திறன். அதிலும் ஏ என்பதே மேல். ஐரோப்பிய முத்திரைச் சீட்டு ஒட்டியிருந்தால் மேகமும் மழையும் போட்ட படத்தின் அருகில் ஏ முதல் இ வரை ஓர் எழுத்து இருக்கும். ஃபிரிட்ஜில் உள்ளது போன்ற நட்சத்திர முத்திரை சில டயர்களில் வருகிறது. அந்த நட்சத்திரங்கள் எரிபொருள் சேமிப்பைச் சொல்பவை. மழைப் பிடிப்பை அவற்றைக் கொண்டு தீர்மானிக்க வேண்டாம்.

ஊர்ப்பாசமும் கம்பெனியும்

இந்தியாவின் முதல் டயர் ஆலை 1936-ல் நம் கொல்கத்தாவுக்கு வடக்கே ஹூக்ளி மாவட்டத்துச் சாஹாகஞ்சில் டன்லப் தொடங்கியது. பின்னர் அதே கம்பெனி அம்பத்தூரிலும் ஆலை வைத்தது. சாஹாகஞ்ச் ஆலை இன்று இயங்கவில்லை. திருவொற்றியூரில் 1946-ல் பலூன் செய்யத் தொடங்கிய மாம்மன் மாப்பிள்ளையின் எம்.ஆர்.எஃப். 1961-ல் டயருக்கு வந்தது. அப்போலோவுக்கு ஒரகடத்திலும், ஜே.கே.வுக்கு ஸ்ரீபெரும்புதூரிலும் ஆலை இருக்கிறது. நம் ஊரில் செய்தது என்ற பெருமை இருக்கட்டும். ஒரே கம்பெனி பத்து ரக டயர் செய்கிறது. கம்பெனிப் பெயரைவிட நாம் வாங்கும் ரகத்தின் மதிப்பெண்ணும் தேதியுமே பெரிது.

நான் போன ஒரு கடையில் 'ஆஃபர்' என்று நான்கு டயர்களை உருட்டி வந்தார்கள். குனிந்து தேதி பார்த்தேன். இரண்டு டயர்கள் சில மாதங்களுக்கு முன் பிறந்தவை; மற்ற இரண்டுக்கு மூன்று வயது. "ரப்பர் ஒன்றுதானே தாதா" என்றார் விற்பனையாளர். "விலையும் ஒன்றுதானே" என்றேன். சிரித்துவிட்டார். வேறு கடையில் நான்கும் ஒரே மாதத் தேதியில் கிடைத்தன.

பில் இல்லாமல் குறைத்துத் தருகிறேன் என்றால் சம்மதிக்காதீர்கள். 2025 செப்டம்பர் 22 முதல் கார் டயருக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்துவிட்டது. பில் இல்லாவிட்டால் வாரண்டியும் இல்லை.

இரண்டா, நான்கா?

நான்கும் ஒன்றாக மாற்றுவதே சிறப்பு. கையில் பணம் இரண்டுக்குத்தான் இருக்கிறதென்றால், புது டயர் இரண்டையும் பின் சக்கரங்களில் மாட்டச் சொல்லுங்கள். இன்ஜின் முன்சக்கரத்தை இழுக்கும் வண்டிக்கும் இதுதான் முறை. முன்சக்கரம் வழுக்கினால் ஆக்சிலேட்டரை விட்டால் பெரும்பாலும் வண்டி வசத்துக்கு வரும். ஈரத்தில் பின்சக்கரம் வழுக்கினால் வண்டி பம்பரமாகச் சுற்றிவிடும். பல மெக்கானிக்குகள் புதியதை முன்னால்தான் மாட்டுவார்கள். நாம்தான் எடுத்துச் சொல்ல வேண்டும்.

புது டயரின் மேற்பரப்பு முதல் 200, 300 கிலோமீட்டர் வரை வழவழப்பாக இருக்கும். அதுவரை நிதானம் தேவை. பழைய டயர்களைக் கடையிலேயே விட்டுவிடுங்கள். மாடியில் போட்டால் மழைநீர் தேங்கி டெங்கு கொசுவுக்குத் தொட்டில் ஆகும்.

கத்தரித்து வைத்துக்கொள்ள

1. ஸ்டிக்கரில் உள்ள அதே அளவு. சுமை, வேகக் குறியீடுகள் குறையக் கூடாது.
2. ஈரப் பிடிப்பு ஏஏ அல்லது ஏ.
3. பிறந்த தேதி ஆறு மாதத்துக்குள் இருந்தால் நலம்; நான்கும் ஒத்த வயது.
4. டியூப்லெஸ் டயருக்குப் புது வால்வு, வீல் பேலன்சிங், அலைன்மெண்ட் ஆகியவற்றையும் அன்றே செய்துகொள்க.
5. மாதம் ஒரு முறை, வண்டி ஓடிச் சூடாவதற்கு முன் காற்றுப் பார்க்க. ஸ்டெப்னியையும் மறக்க வேண்டாம்.
6. சுமார் 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை முன், பின் டயர்களை இடம் மாற்றுக.

வரும் ஞாயிற்றுக்கிழமை காலை காப்பி குடித்ததும் கீழே இறங்கி, உங்கள் வண்டியின் நான்கு டயர்களிலும் அந்த நான்கு இலக்கங்களைத் தேடிப் பாருங்கள். பிள்ளைகளையும் கூட அழைத்துப் போங்கள். அவர்கள் நம்மைவிடச் சீக்கிரம் கண்டுபிடித்துவிடுவார்கள்.