பொத்தான் தின்ற சம்பளம்

அமெரிக்கக் கிராமங்களில் தபால் கொண்டுபோகிறவருக்கு, நகரத்துத் தபால்காரரைப் போல மணிக்கணக்கில் சம்பளம் கிடையாது. அவருடைய ரூட்டுக்கு வாரத்துக்கு இத்தனை மணி நேர வேலை என்று முன்கூட்டியே மதிப்பு போட்டுவிடுவார்கள். அந்த மதிப்புக்குத்தான் கூலி. வேகமாக முடிப்பவருக்கு இதில் லாபம் உண்டு. ஒஹையோவின் சோள வயல்களுக்கு நடுவே தன் சொந்தக் காரிலேயே தபால் கொடுத்துவரும் ஒருவர் அப்படிப்பட்ட வேகக்காரர். சாலையோரப் பெட்டிகளுக்குக் கை எட்ட வேண்டுமென்று வலது பக்க இருக்கையில் உட்கார்ந்தே வண்டியை ஓட்டிப் பழகியவர். அதை இன்றும் பெருமையாகச் சொல்கிறார்.

2023 மே 6-ஆம் தேதி மதிப்பு போடும் முறை மாறியது. அதற்கு முன்பு சில வாரங்கள் தபால்களை எண்ணி, அந்தக் கணக்கை வைத்து மதிப்பிடுவார்கள். ஆர்.ஆர்.இ.சி.எஸ். என்ற புதிய முறையில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு நிலையான நேரம். பல வேலைகள் எத்தனை தடவை நடந்தன என்பதைக் கையிலிருக்கும் ஸ்கேனர் சொல்லும். நாடு முழுவதும் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு ரூட்களின் மதிப்பு விழுந்தது.

இவருடையது ‘கே’ ரூட்; வாரத்தில் ஒரு நாள் மாற்று ஆள் வருவார், இவருக்கு ஓய்வு. மதிப்பு சரிந்ததும் அது ‘எச்’ ஆனது. ‘எச்’ என்றால் ஆறு நாளும் வேலை. சம்பளமும் குறைந்து, ஓய்வு நாளும் போனது.

காரணம் ஸ்கேனரில் இருந்தது. வண்டியில் தபால் ஏற்றத் தொடங்கும்போது ஒரு பொத்தான், முடிந்ததும் ஒரு பொத்தான். பார்சல் இல்லாமல் வேறு காரியமாக வீட்டு வாசல்வரை நடந்தால் அதற்கும் ஒன்று. அவர் நடக்கத்தான் செய்தார், அழுத்தவில்லை. நடை முடங்கிய பாட்டிகளுக்கு வாசலில் கொண்டுபோய்க் கொடுத்த கடிதங்கள், கதவைத் தட்டிக் காத்திருந்த நிமிடங்கள் எதுவும் கணக்கில் ஏறவில்லை. சூப்பர்வைசர் காலை நேர நெரிசலில் நின்றபடியே விளக்கியதுதான் அவருக்குக் கிடைத்த பயிற்சி. எந்தப் பொத்தானில் எவ்வளவு கூலி அடங்கியிருக்கிறது என்று அன்று யாரும் சொல்லவில்லை. 2012-இல் வந்த நடுவர் தீர்ப்பிலிருந்து பிறந்த முறை இது. பத்தாண்டு அவகாசம் இருந்தும் யூனியன் தங்களைத் தயார்படுத்தவில்லை என்பது அவருடைய தீராத கோபம். அந்தக் கோபம் நியாயமானது.

ரூட் மாறியது அதற்குப் பிறகு. மதிப்பு குறைந்துவிட்டதால், இன்னொருவரின் ரூட்டிலிருந்து ஒரு சாலையை வெட்டி இவரோடு சேர்த்தார்கள். வீடுகள் அன்றே வந்துவிட்டன. ஏட்டில் ஏறத்தான் தாமதம். ரூட்டின் மைல்களும் பெட்டிகளும் 4003 என்ற படிவத்தில் இருக்கும். அது திருத்தப்படும்வரை கூடுதல் தூரத்துக்குக் காசு இல்லை. ஒரு நாள் ஓடோமீட்டரைக் குறித்துக்கொண்டு, பெட்டிகளை எண்ணிக்கொண்டு போய் மேசையில் வைத்தார். பிறகுதான் திருத்தம் வந்தது.

வேலைநிறுத்தம் செய்யலாமே என்று கேட்டவர்கள் உண்டு. அமெரிக்கத் தபால் ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்வது சட்டவிரோதம். வேலையை விட்டுப் போனவர்களை அவர் குறை சொல்வதில்லை. ஆனால் ஓய்வூதியத்துக்குச் சில ஆண்டுகளே மிச்சமிருக்கும்போது தான் இருந்ததே சரி என்கிறார்.

இப்போது சட்டைப் பையில் ஒரு குறிப்பேடு வைத்திருக்கிறார். ஸ்கேனர் எழுதியதையும் தான் செய்ததையும் வாரக் கடைசியில் ஒப்பிடுகிறார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதிய மதிப்பு வரும்போது அந்தக் குறிப்பேட்டோடுதான் அலுவலகத்துக்குள் நுழைகிறார். புதிதாகச் சேருகிறவர்களிடம் அவர் முதலில் சொல்வது இதைத்தான்: வாசல்வரை நடந்தால் பொத்தானை அழுத்து. புதுச் சாலை கொடுத்தால் அன்றே படிவத்தைத் திருத்தச் சொல். திருத்திய நகல் கைக்கு வராமல் வீட்டுக்குப் போகாதே.