காணிக்கைத் தட்டு யார் பொறுப்பு?

கேள்வி: எங்கள் சி.எஸ்.ஐ. சபைக்கு வந்திருக்கும் டீக்கன் அங்கி போட்டு ஆராதனை நடத்துகிறார். பிரஸ்பிட்டேரியன் சபைகளில் டீக்கன் என்றால் பணத்தையும் ஏழைகளையும் கவனிப்பவர், மூப்பர் வேறு என்கிறார்கள். இந்த ஏற்பாடு எங்கே தொடங்கியது?
– ஒரு வாசகர், பட்டாபிராம்

பதில்: டீக்கன் பொறுப்பு பிறந்தது ஒரு சாப்பாட்டுத் தகராறில். எருசலேமில் அன்றாடப் பந்தியில் கிரேக்க மொழி பேசும் விதவைகளைக் கவனிக்கவில்லை என்று முணுமுணுப்பு எழ, பந்தி விசாரணைக்கு ஏழு பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். அப்போஸ்தலர் நடபடிகள் 6-ம் அதிகாரத்தில் இருக்கிறது. இவர்களைத்தான் முதல் டீக்கன்களாகச் சபை மரபு கொண்டாடுகிறது. மூப்பர்களோ அதற்கும் முந்தியவர்கள். யூத ஊர்களில் பட்டண வாசலில் உட்கார்ந்து வழக்குத் தீர்த்த பெரியவர்கள்.

இரண்டையும் சட்டம் போட்டுப் பிரித்தவர் ஜான் கால்வின். 1541-ல் ஜெனீவாவில் எழுதிய சபை ஒழுங்கின்படி, நகர மன்றங்களிலிருந்து 12 மூப்பர்கள். வியாழன்தோறும் போதகர்களோடு கூடி, யார் குடிக்கிறார், எந்த வீட்டில் சண்டை என்று விசாரிப்பார்கள். டீக்கன்களுக்கு அந்த வம்பில்லை. தர்மப் பணத்தை நிர்வகிப்பதும் மருத்துவமனையில் நோயாளிகளைப் பார்ப்பதும் அவர்கள் வேலை.

ஸ்காட்லாந்தில் ஜான் நாக்ஸும் அவர் தோழர்களும் 1560-ல் எழுதிய திட்டத்தில் மூப்பர், டீக்கன் இருவருக்குமே வருடாவருடம் தேர்தல். ஒரே ஆள் நீண்டநாள் உட்கார்ந்தால் சபையையே கையில் போட்டுக்கொள்வார் என்ற பயம்தான். நியாயமான பயம்! 1578-ல் மூப்பர் பதவி ஆயுளுக்கும் ஆகிவிட்டது.

அங்கே மூப்பரின் அதிகாரம் ஒரு சின்ன ஈய வில்லையில் இருந்தது. ஊர்ப்பெயரின் எழுத்தும் சில சமயம் வருடமும் பொறித்த டோக்கன். நற்கருணைக்கு முன் மூப்பர்கள் விசாரித்துத் தகுதியானவருக்குக் கொடுப்பார்கள். அது இல்லாதவருக்குப் பந்தியில் இடமில்லை. வாசலில் காணிக்கைத் தட்டருகே நின்றதும் மூப்பர்களே, ஏனென்றால் டீக்கன்கள் மெல்ல மறைந்துபோயிருந்தார்கள். 1819-ல் கிளாஸ்கோவில் தாமஸ் சால்மர்ஸ் தன் பங்கை 25 வட்டாரங்களாகப் பிரித்து, ஏழைகளை விசாரிக்க டீக்கன்களை மறுபடி நியமித்தார்.

அதே காலத்தில்தான் ஸ்காட்லாந்து பிரஸ்பிட்டேரியன்கள் சென்னைக்கும் ஒரு கோயில் கட்டினார்கள். பூந்தமல்லி நெடுஞ்சாலையில் கிழக்கே வந்தால் எழும்பூரில் நிற்கும் புனித அந்திரேயா ஆலயம், ‘கிர்க்’, 1821-ல் திறந்தது.

பிரஸ்பிட்டேரியன்களும் காங்கிரிகேஷனல் சபையினரும் 1908-ல் தென்னிந்திய ஐக்கிய சபையாக இணைந்தார்கள். அதுவும் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட் சபைகளும் சேர்ந்து 1947 செப்டம்பர் 27-ல் சி.எஸ்.ஐ. ஆனது. பேராயர், பிரஸ்பிட்டர், டீக்கன் என்ற ஆங்கிலிக்கன் வரிசை அதில் நிலைத்தது. ஆகவே உங்கள் டீக்கன் அபிஷேகம் பெற்ற ஊழியர், பிரஸ்பிட்டர் ஆவதற்கு முந்திய படியில் இருப்பவர். கணக்கு வழக்கும் காணிக்கையும் சபையார் ஓட்டுப்போட்டு அனுப்பும் பாஸ்டரேட் கமிட்டியின் தலையில்.

பழைய மூப்பரை முழு மிடுக்கோடு பார்க்க மிசோரம் போகவேண்டும். வேல்ஸ் மிஷனரிகள் வளர்த்த பிரஸ்பிட்டேரியன் சபை அங்கே பெரிய சபை. மூப்பருக்கு ‘உபா’ என்று பெயர். நம்மூரில் டாக்டர் பட்டத்தைப் போடுவதுபோல் பெயருக்கு முன்னால் போட்டுக்கொள்கிறார்கள்.