செத்த ஜெல்லி மீனும் கொட்டும்



பள்ளி விடுமுறை வந்தால் செமினிப் பக்கத்துக் குடும்பங்கள் மோரிப், போர்ட் டிக்சன் கடற்கரைகளுக்குப் போய் வருவது வழக்கம். அப்படிப் போய் வந்த ஒரு பையனை அவன் தாயார் என்னிடம் அழைத்து வந்தார். முன்கையில் சாட்டையால் அடித்தது போல் சிவந்த கோடுகள்.

"செத்துக் கிடந்ததுதான் டிரஸ்ஸர் ஐயா, கையில தூக்கிட்டான். மணலைப் போட்டு நல்லாத் தேச்சு விட்டேன். அப்புறம்தான் எரிச்சல் கூடிப் போச்சு" என்றார்.

நம்மில் பலரும் இதைத்தான் செய்வோம். அது ஏன் தவறு என்று பார்ப்போம்.

மலாய்க்காரர்கள் ஓபோர்-ஓபோர் என்பதும், தமிழ்நாட்டு மீனவர்கள் சொறி என்பதும் ஜெல்லி மீனைத்தான். பெயர்தான் மீன், அதற்கு எலும்பும் இல்லை, மூளையும் இல்லை. அதன் இழைகளில் கண்ணுக்குத் தெரியாத கொட்டும் செல்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. ஒவ்வொரு செல்லுக்குள்ளும் ஒரு சிறு உறை. உறைக்குள் விஷமும், சுருட்டி வைத்த குழல் போன்ற நூலும் இருக்கும். அங்குள்ள அழுத்தம் சுமார் 150 அட்மாஸ்பியர். லாரி டயரில் இருப்பதைவிடப் பல மடங்கு. வெளியே நீட்டிய மயிர் போன்ற விசையில் ஏதாவது பட்டால் மூடி திறந்து, நூல் பாய்ந்து, தோலைக் குத்தி விஷத்தை இறக்கிவிடும். கண் இமைக்கும் நேரம்கூட ஆகாது. கடல் சாமந்தி, பவளம் ஆகியவற்றுக்கும் இதே ஆயுதம்தான்.

இதற்குப் பிராணியின் உத்தரவு தேவையில்லை. எலிப்பொறி வைத்தவன் தூங்கினால் பொறியும் தூங்குமா? அதனால்தான் செத்ததும் கொட்டுகிறது, அறுந்த இழையும் கொட்டுகிறது. பையன் கையில் ஒட்டிய இழைத் துண்டுகளில் இன்னும் வெடிக்காத செல்கள் இருந்தன. மணல் தேய்த்ததும் அவையும் வெடித்துவிட்டன.

ஆகவே கவனியுங்கள்:

1. தேய்க்காதீர்கள். குழாய்த் தண்ணீர், சிறுநீர், ஸ்பிரிட், தைலம் எதுவும் வேண்டாம். நல்ல தண்ணீர் பட்டாலும் அந்தச் செல்கள் வெடிக்கும்.

2. கடையில் சூக்கா என்று விற்கும் வினிகரைக் குறைந்தது 30 விநாடி தாராளமாக ஊற்றுங்கள். ஏறிய விஷத்தை அது முறிக்காது. வெடிக்காத செல்களை அடக்கும். வினிகர் இல்லையேல் கடல் தண்ணீரால் கழுவுங்கள்.

3. ஒட்டிய இழைகளை இடுக்கியால் எடுங்கள். வெறுங்கை கூடாது.

4. வலிக்கு, தாங்கும் அளவு சுடுதண்ணீரில் 20 நிமிடம் வையுங்கள். சூடு 45 டிகிரியைத் தாண்டக் கூடாது.

5. மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, மயக்கம் கண்டால் உடனே 999-ஐ அழையுங்கள்.

கடைசி விஷயத்தை லேசாக எண்ண வேண்டாம். நமது கடலில் பெட்டி ஜெல்லி மீன் என்ற கொடிய வகையும் உண்டு. 2010-இல் லங்காவியில் குளித்த ஒரு சுவீடன் நாட்டுப் பெண்மணி, ஜெல்லி மீன் கொட்டிச் சில நிமிடங்களில் இறந்தார்.

அந்தப் பையன் குணமாகிவிட்டான். அடுத்த முறை கடலுக்குப் போகும்போது சாப்பாட்டுக் கூடையில் ஒரு பாட்டில் வினிகரும் இருக்கட்டும்.